பொடக்காணிச் செவுத்துல இருந்து ஆரம்பிங்க: மாஸ் பாக்கப் பழகறவங்களுக்கு

மாஸ், அதாவது செவுத்துலயும் மரத்துலயும் பச்சை மெத்தையாட்டம் வளர்ற பாசிச் செடி, அதப் பாக்கோணும்னா வால்பாறைக்கோ ஊட்டிக்கோ போனாத்தான் ஆச்சுன்னு நெறைய பேரு நெனைக்கறாங்க. அங்க மரத்துக்கு மரம் தொங்குது, நெசந்தான். ஆனா புதுசா ஆரம்பிக்கறவங்களுக்கு நான் சொல்றது நேர் எதிருங்க, மொத வருஷம் மலைக்கே போகாதீங்க, ஊட்டுப் பொடக்காணி, தோட்டத்துக் கெணறு, வாய்க்கா மேடு, பள்ளிக்கூடத்துக் காம்பவுண்டு செவுரு, இதுவே எச்சு. ஒரு எடம் மாற மாற அங்க இருக்கற செடி எப்புடி மாறுதுன்னு தெரிஞ்சுக்கோணும்னா அதே எடத்துக்குத் திரும்பத் திரும்பப் போகோணும், வருஷத்துக்கு ஒருக்கா டூர் போற ஊர்ல அது நடக்குமா? பேரு தெரியலைன்னாலும் பரவால்ல, நீங்க போற எடத்த மாத்தக்கூடாது. இந்த ஒண்ண மட்டும் புடிச்சுக்குங்க, மிச்சமெல்லாம் தானா வரும்.

மாஸ்ங்கறது பூ, காய், வெதை எதுவும் இல்லாத குட்டிச் செடி. வேர் கெடையாது, அடியில இருக்கற மெல்லிசு இழையெல்லாம் புடிமானத்துக்குத்தான். இலை பெரும்பாலும் ஒரே ஒரு செல் கனம், மேல மெழுகுப் பூச்சும் பேருக்குத்தான் இருக்கும், அதனால மேல விழற தண்ணி, தூசி, பொகை, உப்பு எல்லாம் நேரா உள்ள போயிரும். மண்ணுல இருந்து உறிஞ்சி வடிகட்டிக் குடிக்கற சமாச்சாரமே இல்ல. இதைப் பாத்துட்டுத்தான் 1960கள் கடைசியில ஸ்வீடன்காரங்க காத்துல ஈயம், காட்மியம் எவ்வளவு வந்து விழுதுன்னு மாஸை எடுத்து அளக்கற முறைய ஆரம்பிச்சாங்க, 1990ல இருந்து ஐரோப்பாவுல பல நாடுங்க சேந்து அஞ்சு வருஷத்துக்கு ஒருக்கா இதைச் செய்யறாங்க. அந்த லேப் வேலையெல்லாம் நமக்கு வேண்டாம். ஆனா ரோட்டோரச் செவுத்து மாசும் உள்தோட்டத்துச் செவுத்து மாசும் ஏன் வேற வேறயா இருக்குன்னு யோசிக்க இது தெரிஞ்சிருக்கோணும்.

இன்னொரு விஷயம், காஞ்சு கருத்துப் போச்சுன்னா செத்துப் போச்சுன்னு அர்த்தம் இல்லீங்க. பங்குனி சித்திரையில செவுத்துல அழுக்குக் கறையாட்டம் ஒட்டியிருக்கும், ஒரு ஸ்ப்ரே பாட்டில்ல நாலு பீச்சு பீச்சுனா சித்த நேரத்துல சுருண்ட இலை எல்லாம் விரிஞ்சு பச்சையாயிரும். மொதல்ல இதைச் செஞ்சு பாருங்க, அப்பறம் நீங்களே விட மாட்டீங்க.

எது மாஸ், எது இல்ல

இங்கதான் புதுசா வர்றவங்க நெம்ப கொழம்பறாங்க. தண்ணித் தொட்டி ஓரத்துல கால வெச்சா வழுக்குதே, தண்டும் இலையும் இல்லாம வழவழன்னு, அது ஆல்கா. மழை பேஞ்சதும் மண்ணு மேல கரும்பச்சையா ஜெல்லி மாதிரி உப்பி நிக்கறது நாஸ்டாக், அது சயனோபாக்டீரியா, செடியாட்டம் வெளிச்சத்துல சாப்பாடு பண்ணிக்கற பாக்டீரியா. ஈரச் செவுத்துல ஆரஞ்சுக் கலர்ல வெல்வெட்டாட்டம் படர்றதும் ஒரு ஆல்காதான், டிரென்டிபோலியான்னு பேரு. பாறையிலயும் மரப்பட்டையிலயும் சாம்பல் வெள்ளையா தட்டுத் தட்டா ஒட்டியிருக்கறது லைக்கன், பூஞ்சணமும் ஆல்காவும் ஒண்ணா சேந்து வாழறது, கொழம்புக்கும் பிரியாணிக்கும் போடற கல்பாசி இந்தச் சாதிதான்.

தண்டு, அதச் சுத்தி குட்டிக் குட்டி இலை, கண்ணுக்குத் தெரியற மாதிரி இருந்தா பெரும்பாலும் மாஸ். மழைக்கு அப்பறம் அதுல இருந்து மெல்லிசா ஒரு காம்பு எந்திரிச்சு நுனியில குட்டிக் குடுவை ஒண்ணு நிக்கும், அதுக்குள்ளதான் ஸ்போர் இருக்கும், வெதைக்குப் பதிலாப் பரவற தூள். இலையும் தண்டும்னு பிரியாம, மண்ணோட ஒட்டி பட்டையாவோ ரெண்டு ரெண்டாப் பிரிஞ்ச வட்டமாவோ கெடந்தா அது லிவர்வொர்ட், மாசுக்குப் பங்காளிச் செடி. ரிக்சியான்னு ஒண்ணு, நெல்லறுத்த வயல்லயும் தண்ணி பாயற தோட்டத்து மண்ணுலயும் ரெண்டு மூணு செண்டிமீட்டர் வட்டத்துல பூக்கோலம் போட்ட கணக்கா உக்காந்திருக்கும், ஒருக்கா கண்ணுல பட்டுருச்சுன்னா அப்பறம் எல்லா எடத்துலயும் தெரியும்.

பொள்ளாச்சி ஆனைமலைக்காரங்களுக்குத் தனியா ஒண்ணு சொல்றேன். தென்னந்தோப்புல ஓலை மேலயும் அடியில இருக்கற செடி மேலயும் கருப்பா மை பூசுன மாதிரி இருக்கறது மாஸும் இல்ல லைக்கனும் இல்ல, சுருள் வெள்ளை ஈ விடற பிசின் மேல வளர்ற கரும்பூஞ்சணம். அந்த ஈயை இந்தியாவுல மொத மொதல்ல 2016ல பாத்ததே நம்ம பொள்ளாச்சிப் பக்கந்தான். இந்தக் கருப்பு அடியில இருக்கற மாஸ் மேல படிஞ்சு வெளிச்சத்த மறைக்குமா மறைக்காதான்னு உங்க தோப்புலயே பாக்கலாம், நல்ல கேள்விங்க அது.

சாமான்

பெருசா ஒண்ணும் வேண்டாம். பத்து மடங்கு காட்டற லென்ஸ் ஒண்ணு கண்டிப்பா வேணும், நகைப்பட்டறையில கண்ணுல வெச்சுப் பாப்பாங்களே அதே லென்ஸ்தான், பட்டறைச் சாமான் விக்கற கடையில கேட்டா குடுப்பாங்க. அதக் கைய நீட்டிப் புடிச்சுப் பாக்கக்கூடாது, கண்ணுக்கு ஒட்ட வெச்சுக்கிட்டு செடியக் கிட்ட கொண்டு வரோணும், இல்ல நீங்க செவுத்துக்கிட்ட போகோணும். பக்கத்து ஊட்டுக்காரங்க ஒரு மாதிரியாப் பாப்பாங்க, பாத்துட்டுப் போறாங்க. அப்பறம் ஸ்ப்ரே பாட்டில், பென்சில் (பேனா மை மழையில ஊறிப் போயிரும்), சின்னக் கத்தி, ஸ்கேல், பழைய நியூஸ்பேப்பர்ல மடிச்ச பாக்கெட் கொஞ்சம், நோட்டு. போன்ல மாட்டற மேக்ரோ லென்ஸ் இருந்தா நல்லது, இல்லைன்னாலும் ஓட்டலாம்.

மைக்ராஸ்கோப் உடனே வாங்காதீங்க. ஆசை அடங்கலைன்னா ஃபோல்ட்ஸ்கோப்னு காகிதத்துல மடிக்கற மைக்ராஸ்கோப் இருக்கு, அமெரிக்காவுல ஸ்டான்ஃபோர்ட் யுனிவர்சிட்டியில மனு பிரகாஷ் டீம் 2014 வாக்குல கொண்டு வந்தது, 140 மடங்கு காட்டும், வெலையும் கம்மி. செவுத்து மாஸைக் கொஞ்சம் கிண்ணத்துல ஊறப்போட்டு ஒரு ராத்திரி விட்டு, புழிஞ்ச தண்ணியில ஒரு சொட்டு வெச்சுப் பாத்தீங்கன்னா எட்டுக் கால் இருக்கற நீர்க்கரடி மாட்டுனாலும் மாட்டும். அது அரை மில்லிமீட்டர் கூட வராது பல சமயம். ஊட்டுல குழந்தைக இருந்தா இதுலயே ஒரு ஞாயித்துக்கெழமை போயிரும்.

எடம் புடிக்கறது

இதுதான் முக்கியமான வேலை, இதுக்கு அவசரப்படாதீங்க. ஆறு எடம் போதும்னு வெச்சுக்குங்க. ஆறும் ஒரே மாதிரி இருக்கக்கூடாது, ஒவ்வொண்ணும் ஒவ்வொரு விதத்துல மாறிட்டு இருக்கற எடமா இருக்கோணும், ஒண்ணு ரெண்டு மட்டும் மாறாத எடமா இருக்கோணும், இல்லைன்னா ஒப்பிட்டுப் பாக்க வழியில்ல.

நம்ம பக்கத்துல மாறிட்டு இருக்கற எடத்துக்கா பஞ்சம். கீழ்பவானி வாய்க்கா மண் வாய்க்காவா ஓடுன வரைக்கும் கசிவுத் தண்ணியில கரையும் பக்கத்துக் கெணறும் ஈரமா இருக்கும், அதுக்கு கான்கிரீட் போடறதா வேண்டாமான்னு பல வருஷமா இழுபறி நடக்குது. அதுல உங்க கட்சி எதுவோ இருந்துட்டுப் போகட்டும், கான்கிரீட் போட்ட கரையில ஒண்ணு, மண் கரையில ஒண்ணுன்னு ரெண்டு எடம் புடிச்சீங்கன்னா ஒரே தண்ணி ரெண்டு கரையில என்ன பண்ணுதுன்னு கண்ணால பாக்கலாம். அவிநாசி, பெருந்துறை, அன்னூர்க்காரங்களுக்கு இன்னும் நல்ல வாய்ப்பு இருக்கு. அத்திக்கடவு அவிநாசித் திட்டத்த 2024 ஆகஸ்ட்ல தொறந்தாங்க, பவானித் தண்ணிய 1045 கொளம் குட்டைக்குக் கொண்டு போற திட்டம். வருஷக்கணக்கா சீமைக்கருவேலம் மொளச்சுக் கெடந்த குட்டையில தண்ணி நின்னா கரை மண்ணுல எது மொதல்ல வருது, ஆல்காவா, ரிக்சியாவா, மாஸா, எத்தன நாள்ல வருதுன்னு பாக்கறதுக்கு இந்த மாதிரி சந்தர்ப்பம் லேசுல கெடைக்காதுங்க. தண்ணி எட்டாத குட்டை ஒண்ணு பக்கத்துல இருந்தா அதையும் சேத்துக்குங்க.

காங்கயம், தாராபுரம், மூலனூர்ப் பக்கம் கொரங்காடு வெச்சிருக்கறவங்க அதுக்குள்ளயே ஒரு எடம் புடிங்க. கிளுவ வேலி, நடுவால வெள்வேல மரம், கீழ கொழுக்கட்டப்புல்லு, மாடு மேயற எடம். அந்த வேலியடி நெழல்லயும் வெள்வேலத்தடியிலயும் மழை பேஞ்ச வாரம் குனிஞ்சு மண்ண உத்துப் பாருங்க, மண்ணு மேல மெல்லிசா ஒரு தோலு கட்டியிருக்கும். சயனோபாக்டீரியா, லைக்கன், குட்டி மாஸ் எல்லாம் சேந்து மண்ணக் கட்டிப் புடிச்சு வெச்சிருக்கற தோலு அது, காத்துலயும் மழையிலயும் மண்ணு போகாமப் பாத்துக்கறது அதுவுந்தான். மாடு எச்சா மிதிக்கற எடத்துல அது இருக்கா, வேலிக்கு உள்ள எவ்வளவு வெளிய எவ்வளவு, டிராக்டர் ஓட்டுன காட்டுல எவ்வளவு, சைட்டுப் போட்டு மட்டம் பண்ணுன எடத்துல மறுபடி வருதா, இதெல்லாம் எண்ணிப் பாக்கற விஷயம். மலைக்காட்டு மாஸைப் பாக்க ஆளு இருக்கு, கொரங்காட்டு மண்ணப் பாக்கத்தான் ஆளில்ல. என் கட்சி இதுதான்.

மரத்துல புடிக்கறதா இருந்தா புளி, வேம்பு, மா, தென்னை பரவால்ல, தைல மரத்த விட்டுருங்க, அது பட்டைய உரிச்சுட்டே இருக்கும், மாஸ் நெலச்சு நிக்க முடியாது.

வடக்குப் பக்கத்துலதான் மாஸ் வரும்னு பொஸ்தகத்துல போட்டிருக்குமே, அதை இங்க அப்புடியே நம்பாதீங்க. அது குளிர் நாட்டுக் கணக்கு, அங்க சூரியன் வருஷம் பூராவும் தெக்க சாஞ்சே போகும். கோயமுத்தூர், ஈரோடு எல்லாம் பதினோரு டிகிரி வடக்க. ஏப்ரல் மூணாவது வாரம் வாக்குல சூரியன் உச்சந்தலைக்கு வந்துட்டு அப்பறம் ஆகஸ்ட் கடைசி வாரம் வரைக்கும் மத்தியானத்துல வடக்குப் பக்கமாத்தான் நிக்கும், அதாவது கோடை வெயில்ல பாதிய வடக்குச் செவுருதான் வாங்குது. போதாததுக்கு பாலக்காட்டுக் கணவாய்க் காத்து வேற, வைகாசியில ஆரம்பிச்சு ஆடி முடியற வரைக்கும் மேக்க இருந்து அடிச்சுத் தள்ளும், மேக்குப் பக்கம் சாரல் படற ஊர்ல ஈரம், சாரல் எட்டாத ஊர்ல அதே காத்து காய வெச்சுரும். அதனால ஒரு மரம்னா நாலு பக்கமும் பாத்து எழுதுங்க, உங்க ஊருக்கு எது ஈரப்பக்கம்னு நீங்களே கண்டுபுடிக்கலாம். திசைக்கு போன்ல காம்பஸ் போதும்.

அளக்கறது

இருபது செண்டிமீட்டருக்கு இருபது செண்டிமீட்டர் சட்டம் ஒண்ணு கம்பியிலயோ பழைய பிவிசி பட்டையிலயோ செஞ்சுக்குங்க, நாலு செண்டிமீட்டருக்கு ஒருக்கா நூல் கட்டுனா இருபத்தஞ்சு கட்டம் வரும். செவுத்துல வெச்சு எத்தன கட்டத்துல மாஸ் இருக்குன்னு எண்ணுங்க, ஒரு கட்டம்னா நாலு சதவீதம், பன்னண்டு கட்டத்துல இருந்தா 48. கட்டத்துக்குள்ள துளி இருந்தாலும் இருக்குன்னு வெப்பீங்களா, பாதிக்கு மேல இருந்தாத்தான் வெப்பீங்களான்னு மொத நாளே முடிவு பண்ணி நோட்டு மொதப் பக்கத்துல எழுதிருங்க, நடுவுல மாத்தாதீங்க. சட்டம் வெச்ச ரெண்டு மூலையில பெயிண்ட் புள்ளி, மண்ணா இருந்தா ரெண்டு ஆணி. போட்டோ எடுக்கறப்ப சட்டத்தோட சேத்து நேரா எடுங்க, சாச்சு எடுத்தா அடுத்த தடவ ஒப்பிட முடியாது.

ஒவ்வொரு தடவையும் எழுத வேண்டியது: தேதி, நேரம், கடைசியா மழை பேஞ்சு எத்தன நாளாச்சு, மாஸ் விரிஞ்சிருக்கா சுருண்டிருக்கா, குடுவை வந்திருக்கா, வந்திருந்தா பச்சையா பழுப்பா, பக்கத்துல என்ன மாறியிருக்கு. கடைசியில சொன்னதுதான் பாதிப்பேரு விட்டுருவாங்க. மேல இருந்த மரத்த வெட்டியிருப்பாங்க, பொங்கலுக்குச் சுண்ணாம்பு அடிச்சிருப்பாங்க, தொட்டி ஒழுக்க அடச்சிருப்பாங்க, ஆத்துத் தண்ணி நின்னு போர் தண்ணி ஓடும், அதுல உப்பு எச்சு. ஒண்ணுமே இல்லைன்னாலும் "இல்ல" ன்னு எழுதுங்க. வெறும் பக்கமா விட்டா போய்ப் பாத்து இல்லாமப் போச்சா, போகவே இல்லையான்னு ஆறு மாசம் கழிச்சு உங்களுக்கே தெரியாது.

எப்பப் போறது? வாரா வாரம் வேண்டாம், வெறுத்துரும். வருஷத்துக்கு நாலு தடவ, தை கடைசி, சித்திரை, ஆடி, கார்த்திகை. கோயமுத்தூர் டவுனுக்கு வருஷத்துக்கு 600, 700 மில்லிமீட்டர் மழை, அதுல பெரும்பங்கு ஐப்பசி கார்த்திகையில, வால்பாறைக்கு 3000த்துக்கும் மேல, அது ஆனி ஆடியில. அதனால உங்க ஊரு எந்த மழைய நம்பியிருக்குன்னு பாத்து முன்ன பின்ன மாத்திக்குங்க. நடுவுல நல்ல மழை பேஞ்சா மூணாம் நாள் ஒரு எட்டு போய்ட்டு வாங்க, அதத் தனியா எழுதிக்கலாம்.

தோட்டத்துக்காரருகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு உள்ள போங்க. "ஏனுங்க, கெணத்துச் செவுத்துல என்னத்தத் தேடறீங்க?" ன்னு கேப்பாரு. "பாசி பாக்கறனுங்க, இந்தக் கெணத்துல முன்ன எதுவரைக்கும் தண்ணி நிக்குமுங்க?" ன்னு கேட்டுருங்க. அவரு ஆரம்பிச்சாருன்னா 2016ல வடகெழக்கு மழை பொய்யாச்சே அதுல இருந்து எந்தப் படிக்கட்டு வரைக்கும் தண்ணி எறங்குச்சு, எந்த வருஷம் ஆயிரம் அடி போர் போட்டாங்க, எல்லாம் வரும். அதையும் தேதி போட்டு எழுதுங்க, உங்க கணக்குக்கு முன்னால இருக்கற கதை அதுதான். கெணத்து உள்செவுத்துல மாசோட கூட பெரணி இருக்கும், தண்ணி கீழ போகப் போக எது மொதல்ல காயுதுன்னு மேல இருந்தே பாக்கலாம். உள்ள எறங்காதீங்க, படி வழுக்கும், பாம்பு இருக்கும். மருதமலை, தடாகம், ஆனைகட்டிப் பக்கம் அடிவாரத்துல இருக்கறவங்க காத்தால இருட்டோடயும் சாயந்தரம் ஆறுக்கு மேலயும் போகவே வேண்டாம், யானை நடமாட்டம்.

பேரு கண்டுபுடிக்கறது

மொத மூணு மாசம் பேரத் தேடாம நீங்களே பட்டப்பேரு வெச்சுக்குங்க, "தொட்டி மாஸ்", "வெள்ளி மாஸ்"னு. அப்பறம் கொஞ்சம் கொஞ்சமா. நிமுந்து கொத்துக் கொத்தா நிக்குதா, இல்ல படர்ந்து கெளை விட்டுப் போகுதா, இதுதான் மொதப் பிரிவு. இலைக்கு நடு நரம்பு இருக்கா, நுனி கூரா மழுங்கலா, காஞ்சா எப்புடிச் சுருளுது.

செவுத்துல, சுண்ணாம்புக் காரையில கரும்பச்சையா கொத்தா இருந்து, காஞ்சா இலை ஓரம் உள்பக்கமாச் சுருண்டா ஹையோஃபிலாவா இருக்க வாய்ப்பு எச்சு. நடைபாதை இடுக்குல வெள்ளிப் பூச்சு பூசுன மாதிரி மினுங்கறது பிரையம் ஆர்ஜென்டியம், இலை நுனியில பச்சையம் இல்லாததால அந்த நெறம், அன்டார்டிகா வரைக்கும் இருக்கற செடி நம்ம பஸ் ஸ்டாண்டுலயும் இருக்கு. வாய்க்கா ஓரம், ஈர மண்ணுல இலை ரெண்டு வரிசையா தட்டையா, குட்டிப் பெரணி இலையாட்டம் தெரிஞ்சா ஃபிசிடென்ஸ். ஏற்காடு, ஊட்டி மாதிரி குளுகுளு ஊர்ல நெருப்பு வெச்ச எடத்துல மண்ணு மேல கூட்டமா வர்றது ஃபூனேரியா, காடு எரிஞ்சதுக்கு அப்பறம் எது வருதுன்னு பாக்கறவங்களுக்கு அது மொத அடையாளம். இனம் வரைக்கும் உறுதியாச் சொல்ல மைக்ராஸ்கோப் இல்லாம முடியாது, செடி, பூச்சி போட்டோவப் பாத்து பேரு சொல்ற ஐநேச்சுரலிஸ்ட் ஆப்புல போட்டோ போட்டாலும் பல சமயம் பேரினத்தோட, அதாவது பிரையம், ஃபிசிடென்ஸ்ங்கற மாதிரி மொதப் பேரோட நின்னுரும், அதுல வருத்தப்பட ஒண்ணும் இல்ல.

மாஸ் மட்டும்னு இல்ல, சென்னிமலை, ஊதியூர் மாதிரி பாறைக் கரட்டுல இடுக்குல மயில்சிகைன்னு ஒரு பெரணி இருக்கும், விசிறியாட்டம் விரிஞ்சு, கோடையில சுருண்டு, மழைக்கு மறுபடி விரியும். ஒரே பாறையில அதும் மாசும் எத்தன நாள் இடைவெளியில முழிக்குதுன்னு பாத்தீங்கன்னா நல்லா இருக்கும்.

எடுத்து வெக்கறது

கட்டத்துக்குள்ள இருக்கறதத் தொடாதீங்க, பக்கத்துல இருந்து ஒரு ரூபாக் காசு அளவு போதும். நியூஸ்பேப்பர் பாக்கெட்டுல போட்டு நெழல்ல காய வெச்சா முடிஞ்சது, பூச்செடி மாதிரி அமுக்கி ஒட்டற வேலையெல்லாம் இல்ல. பிளாஸ்டிக் கவர்ல போட்டா பூஞ்சணம் புடிச்சுரும். காஞ்ச பாக்கெட் பல வருஷம் கெடக்கும், எப்ப வேணா தண்ணி விட்டுப் பாத்துக்கலாம். பாக்கெட் மேல நம்பர், தேதி, ஊரு, போன்ல வர்ற அட்சரேகை தீர்க்கரேகை, எது மேல இருந்துச்சு, நெழலா வெயிலா, எடுத்தவங்க பேரு. இது இல்லாத பாக்கெட் குப்பைதான்.

ரிசர்வ் ஃபாரஸ்ட், ஆனைமலை, சத்தியமங்கலம் புலிகள் காப்பகத்துக்குள்ள வனத்துறை அனுமதி இல்லாம ஒரு துணுக்கு கூட எடுக்கக்கூடாது, ஆழியார்ல இருந்து வால்பாறைக்கு ஏறற நாப்பது வளைவு ரோட்டோரமும் அதுல சேத்திதான், போட்டோவோட நிறுத்திக்குங்க.

பேரு உறுதி பண்ணோணும்னா கோயமுத்தூர்லயே வழி இருக்கு. வேளாண் பல்கலைக்கழக வளாகத்துக்குள்ள இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தோட தென்மண்டல மையம் இருக்கு, 1955ல இருந்து, காஞ்ச செடி மாதிரிகளச் சேத்து வெச்சிருக்கற மெட்ராஸ் ஹெர்பேரியமும் அங்கதான். முன்னாலயே எழுதிக் கேட்டுட்டுப் போங்க, மூட்டையாத் தூக்கிட்டுப் போகாதீங்க, ரெண்டு மூணு நல்ல பாக்கெட், முடிஞ்சா குடுவையோட இருக்கறதாப் பாத்து. குடுக்கறப்ப பாதிய உங்ககிட்ட வெச்சுக்கிட்டு ரெண்டு பாக்கெட்டுலயும் ஒரே நம்பர் போட்டுருங்க, பேரு வந்ததும் உங்க பாதியில எழுதிக்கலாம். வர்றதுக்கு மாசக்கணக்கு ஆனாலும் ஆகும், அதுவரைக்கும் நோட்டுல "தொட்டி மாஸ்"னே ஓடட்டும்.